கோயம்புத்தூருக்குச் சொன்னது போக மிச்சம்

லாத்தா,

இன்று காலை எடை மேடைத் திரையில் உங்கள் வாக்கியம் வந்தது.

மழை சற்று விட்டிருந்தது. உப்பு ஏற்றிய முதல் லாரி மேடையில் ஏறி நின்றதும் எண்கள் கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஓடின. பிறகு எண்கள் மறைந்து எழுத்து வந்தது. "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, தராசு இன்னும் ஆடுது." டிரைவர் எட்டிப் படித்துவிட்டு எஞ்சினை அணைத்தார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் எடை போட உட்கார்ந்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள பேசுத மாதிரியே இருக்கு, என்னம்மா?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். உங்களுக்குத் தெரியுமே, நான் பெரும்பாலும் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் இல்லாத இரண்டாவது மழைக்காலம் இது. புது மென்பொருள் இன்றுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. இனி அதை எழுதுவது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. நீங்களும் நானும் நம் அறையில் உட்கார்ந்து எழுதியது நேற்று சாயங்காலத்தோடு நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான். அதாவது, நிறுத்தலாம் என்று சொன்னது நான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் ஆனது, ஏன் சொன்னேன் என்பதையெல்லாம் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குச் சொன்னாலும் முதலில் இருந்து விளக்க வேண்டியிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தத் திரையில் ஆங்கிலம்தான் இருந்தது. சென்னையில் எவரோ செய்து விற்ற பழைய மென்பொருள். எடை நிலைக்கு வராவிட்டால் சிவப்பு எழுத்தில் இரண்டு ஆங்கில வார்த்தைகள் வரும். டிரைவர்கள் அதை ஏதோ தப்பு என்று நினைத்து வண்டியைப் பின்னால் எடுப்பார்கள், மறுபடி ஏற்றுவார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி ஜன்னல் வழியே கத்துவார்.

"ஏலே, சும்மா நில்லுலே! வண்டிய ஆட்டாத!"

"செவப்பால்லா வருது அண்ணாச்சி!"

"செவப்பு வந்தா ஓடுறதுக்கு நீ என்ன மாடாலே?"

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் இருந்து, மிளகாய் விதைத்த வீட்டில் இருந்து, கல்லூரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அலுவலகத்தில் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும், டீ கொண்டுவருகிறவரிடம் டம்ளரை எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. நீங்கள் முதல் நாளே என்னை அந்த எடை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினீர்கள். கறுப்புப் பர்தாவுக்கு மேலே ஹெல்மெட் தடம் பதிந்திருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி கத்துவதைக் காட்டி, "புள்ள, அவரு தொண்டை என்ன கம்பெனி சாமானா? தெனமும் இப்படித் தேயுதே. மெஷினே சொல்லட்டுமே" என்றீர்கள்.

அன்று எழுதியதுதான் அந்த வாக்கியம். அவர் கத்தினதையே எடுத்துக் கொஞ்சம் மரியாதை சேர்த்து எழுதினீர்கள். அதற்குப் பிறகு பழைய மென்பொருளை எடுத்துவிட்டு நாமே எழுதினோம்; வாக்கியங்களும் ஒவ்வொன்றாக வந்தன. கதவு திறக்கும்போது "உள்ள வாங்க, மெதுவா." சீட்டு அச்சாகாதபோது "பேப்பர் தீந்துட்டு, சுடலைமுத்து அண்ணாச்சியக் கூப்பிடுங்க." உப்பளத்தில் போட்ட எடைக்கும் துறைமுகத்துக்குப் பக்கத்து நம் யார்டில் வரும் எடைக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் கதவு திறக்காது, "உப்பு குறையுது அண்ணாச்சி, முதலாளியப் பாத்துட்டு வாங்க" என்று வரும். டிரைவர்கள் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் யாரும் வண்டியைப் பின்னால் எடுக்கவில்லை.

நம் அறை எவ்வளவு சின்னது! இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, யார்டைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூட்டைகளும், கன்டெய்னர்களும், அவற்றுக்கு மேலே துறைமுகத்துக் கிரேன்களின் தலையும். நீங்கள் எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பீர்கள். தட்டச்சு செய்யும்போதும் பேச்சு நிற்காது. நான் பதில் சொல்லாவிட்டால் என் பதிலையும் நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். "'ஆமா லாத்தா, நல்லாருக்கு லாத்தா'ன்னு சொல்லுற, அப்படித்தானே? சரி." உங்கள் காயல்பட்டினத்தில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டீர்கள்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஒரு தடவைதான் சண்டை போட்டோம். அதுவும் இந்த விஷயத்துக்காகத்தான்.

கோயம்புத்தூரில் இருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்து முதலாளிக்குப் படம் போட்டுக் காட்டினார்களே, அன்று. மென்பொருள் முழுவதையும் அவர்களே செய்து, அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முதலாளி உங்களைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுத? வெளிய குடுத்துருவோமா?" நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னீர்கள்: "குடுக்கலாம் முதலாளி. நாங்க ரெண்டு பேரும் எத்தனயத்தான் பாக்குறது? ஆனா இப்ப வேணாம். அவங்க நம்ம யார்ட இன்னும் பாக்கவே இல்ல."

அவர், பிறகு பார்க்கலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டார். எனக்கு ஆறவில்லை. மத்தியானம் சாப்பாட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் சாப்பிடாமல் இருந்தேன்.

"ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிற?"

"நம்ம வேலைய நீங்களே வெளிய குடுக்கச் சொல்லுதீங்க."

"அட, வாய் திறந்துட்டே! இதுக்காகவே வெளிய குடுக்கலாம் போலயே."

நான் சிரிக்கவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன அக்கறை இருக்கும், அவர்களுக்கு நாம் பத்தோடு பதினொன்று என்று ஏதேதோ சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

"புள்ள, எங்க ஊரே அவுட்சோர்ஸிங்தான். ஆம்பளைங்க பூரா வெளிய. வூடு மட்டும்தான் உள்ள. எங்க வாப்பா முப்பது வருஷம் துபாயில இருந்துதான் எங்க வூட்ட நடத்துனாங்க. தெரியுமா?"

பிறகு அந்த மோட்டார் கதையைச் சொன்னீர்கள். வீட்டுக் கிணற்று மோட்டார் ஒருநாள் வேறு மாதிரி சத்தம் போட்டிருக்கிறது. உங்கள் உம்மா போனைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டாருக்குப் பக்கத்தில் பிடித்தார்களாம். துபாயில் இருந்து வாப்பா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "வாஷர் போயிருக்கு, மாத்தச் சொல்லு" என்றார்களாம். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால் வாஷர்தான்.

"அவங்க வருஷத்துல ஒரு மாசம் வூட்டுல இருந்தா பெருசு. ஆனா மழைக்கு எந்தக் கதவு இறுகும், எந்த ஓடு ஒழுகும், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். உம்மா தெனமும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சொல்லுறதுக்கு உள்ள ஒரு ஆளு இருந்தாப் போதும் புள்ள. செய்யுறவங்க எங்க இருந்தா என்ன?"

எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. "உங்க உம்மாவுக்கு ஒத்தையா இருக்காதா லாத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

டிபன் டப்பாவை மூடி, துணிப்பையில் வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டீர்கள். அவ்வளவு நேரம் நீங்கள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"அது வேற கணக்கு புள்ள" என்றீர்கள். "அத நம்ம புரோகிராம்ல எழுத முடியாது."

அந்த வருஷம் முடியும் முன்பே உங்களுக்கு வயிற்று வலி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீர்கள். பிறகு அடிக்கடி போனீர்கள். பிறகு அங்கேயே இருந்தீர்கள். நான் ஒருமுறை வந்து பார்த்தேன். அன்றும் நீங்கள்தான் பேசினீர்கள், நான் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்பு அள்ளத் தொடங்கியிருந்த வெயில் காலத்தில் ஒரு காலை முதலாளி நம் அறை வாசலில் வந்து நின்றார். அவர் நம் அறைக்கு வந்ததே இல்லை. உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதுவும் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு வேலை எதுவும் நிற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் மேடையில் லாரி ஏறும். நீங்கள் பொறுக்கச் சொல்வீர்கள். கதவு திறக்கும், மெதுவாக வரச் சொல்வீர்கள். காகிதம் தீரும், சுடலைமுத்து அண்ணாச்சியைக் கூப்பிடச் சொல்வீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அறையில் ஏசியின் சத்தம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வருஷம் ஐப்பசியில் முதல் மழை பெய்தது. அடுத்த நாள் கதவு திறக்கவில்லை.

மழைக்கு முன்பே அம்பாரமாகக் குவித்து மூடி வைத்திருந்த உப்பைத் திறந்து ஏற்றி வந்த லாரிகள். முதல் வண்டிக்குத் திரையில் "உப்பு குறையுது அண்ணாச்சி, முதலாளியப் பாத்துட்டு வாங்க" என்று வந்தது. இரண்டாவது வண்டிக்கும் அதுவே. அடுத்ததற்கும் அதுவே. துறைமுகச் சாலை வரை வரிசை நீண்டது. டிரைவர்கள் இறங்கி வந்து ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, எங்கள திருடம்னு சொல்லுதியளா?"

"நான் எங்கலே சொன்னேன்? மெசினு சொல்லுது."

"மெசினுக்கு யாரு சொன்னா? நான் என்ன வழியில கடை போட்டு உப்பு வித்துட்டா வாரேன்?"

"ஏ, சத்தம் போடாதிய. பிள்ள வாரா, அவ பாத்துக்கிடுவா."

வந்த பிள்ளை நான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஏம்மா, எங்க உப்பு எங்க போச்சு? நீயே சொல்லு" என்று ஒருவர் கேட்டார். அப்போது தலையைக் குனிந்ததில்தான் பார்த்தேன். அவர் லாரியின் பின்பலகைக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த லாரியிலும். வரிசை முழுவதும், சாலையில் ஈரக் கோடு.

உப்பு வழியிலேயே ஒழுகியிருக்கிறது. நனைந்த உப்பு ஏற்றும்போது ஒரு எடை, நம் யார்டு வந்து சேரும்போது ஒரு எடை. இது எல்லா வருஷமும் நடப்பது. அப்படியானால் எல்லா வருஷமும் கதவு எப்படித் திறந்தது?

அறைக்கு ஓடிவந்து நாம் எழுதியதைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு குறையலாம் என்பதற்கு அதில் ஒரே ஒரு எண் இருந்தது. காய்ந்த உப்புக்கான எண். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் உங்கள் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது.

காயல்பட்டினத்தில் இருந்து அவ்வளவு தூரம் ஸ்கூட்டரிலேயே வருவீர்கள். பஸ்ஸில் வரக்கூடாதா என்றால், "பஸ்காரன் உப்பளத்துல நிறுத்துவானா?" என்பீர்கள். மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் ஓடவில்லை என்று என்னைக்கூடப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் ஊர் வரை விட வந்தீர்கள். போகிற வழியில் உப்பளத்தில் நிறுத்தி, மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கி ஒரு கை உப்பை அள்ளினீர்கள். முஷ்டியை இறுக்கிப் பிழிந்தீர்கள். விரலிடுக்கில் தண்ணீர் இறங்கியது. அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுக் கையை உதறினீர்கள். மறுநாள் காலை, நனைந்த பர்தாவோடு, உட்காராமலேயே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினீர்கள். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான் வந்து தட்டினீர்கள். அது உங்கள் விளையாட்டுகளில் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மழை தொடங்கினால் அந்த எண்ணை ஏற்றியதும், தை பிறந்து உப்பு காய்ந்தால் இறக்கியதும் உங்கள் கைதான். அதற்கு ஒரு திரை இல்லை, ஒரு பட்டன் இல்லை. ஸ்கூட்டரும் முஷ்டியும்தான் இருந்தன. நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சொல்லாமலே செய்துவிடுவது உங்கள் பழக்கம், கேட்காமலே இருந்துவிடுவது என் பழக்கம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டும் அவ்வளவு நன்றாக ஒத்துப்போயிருந்தன. வாய் ஓயாமல் பேசிய நீங்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

எண்ணை ஏற்றினேன். கதவு திறந்தது. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு ஆளு இல்லன்னா யார்டே நின்னுருது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சின்னு ஆயிட்டா நான் யாரத் தேடுவேன்? ஒண்ணு, அந்த நாற்காலியில இன்னொரு ஆளப் போடுதேன். இல்ல, கோயம்புத்தூர்க்காரனுக்கே குடுத்துருதேன். ரெண்டும் சேத்து முடியாது. இங்கன உள்ள பிள்ளையளப் போட்டா, வேல பழகுனதும் சென்னைக்கு பஸ் ஏறிருது. அவம்கிட்ட குடுத்தா, நம்ம கஷ்டம் அவனுக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீ சொல்லு."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு. கார்த்திகை முடியுததுக்குள்ள சொல்லு."

எனக்கு என்ன வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரியும் லாத்தா. அந்த நாற்காலியில் ஒரு ஆள் வேண்டும். யாராவது. பேசுகிறவராக இருந்தால் நல்லது. பேசாதவராக இருந்தாலும் போதும். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு டப்பா திறக்கும் சத்தம் வேண்டும். வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "ஏளா, ஒரு பொம்பளப் பிள்ளையாப் பாத்துப் போடச் சொல்லுளா. அந்த ரூமுக்குள்ள ஒத்தையில எப்படிக் கெடப்ப?" மென்பொருள் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது தெரியும்.

முடிவு சொல்லும் வரை சின்ன வேலை ஒன்றைக் கோயம்புத்தூரில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்த எண்ணை மாற்ற ஒரு திரை செய்யும் வேலை. அந்தப் பக்கம் பேசியவர் பெயர் பிரவீன். கிட்டத்தட்ட என் வயது இருக்கும். முதல் அழைப்பில் நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுப் போனை வைக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"ஒரு சந்தேகமுங்க மேடம். உப்பு எப்படிங்க வழியில குறையும்? எனக்கு வெளங்கவே இல்லீங்க. நான் பாக்கெட் உப்புத்தானுங்க பாத்திருக்கேன்."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு யார்டுக்கு இறங்கினேன். வீடியோவைத் திருப்பி ஒரு லாரியின் பின்பலகைக்குக் கீழே பிடித்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அட! அழுவுதுங்க!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொல்லத் தொடங்கினேன். அம்பாரம் என்றால் என்ன, எதற்கு மூடுகிறார்கள், மேலே இருக்கும் உப்புக்கும் அடியில் இருக்கும் உப்புக்கும் என்ன வித்தியாசம், கடல் காற்று மாறினால் என்ன ஆகும், வரிசையில் நிற்க நிற்க எவ்வளவு ஒழுகும். அவர் "இன்னும் சொல்லுங்க" என்றார். நான் இன்னும் சொன்னேன். சுடலைமுத்து அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்மா, நீயா இவ்வளவு பேசுத?" என்று கேட்டார். போனை லாரிக்குக் கீழே நீட்டியபடி நான் நின்ற நிற்பு எனக்கு யாரை ஞாபகப்படுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றடியில் மோட்டாருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் உம்மா.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்ட பயம். அந்த நாற்காலியில் இன்னொருவர் வந்தால் நானும் அவரும் மறுபடி பேசாமலே எல்லாவற்றையும் புரிந்துகொள்வோம். மறுபடி எல்லாம் இரண்டு தலைக்குள் இருக்கும். தூரத்தில் இருக்கிற, உப்பைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றால்தான் நான் வாய் திறந்து முழுதாகச் சொல்வேன். இதை எல்லாருக்கும் பொதுவான நியாயமாக நான் சொல்லவில்லை. நாலு பேர் கூடிப் பேசி, எழுதி வைத்து வேலை செய்கிற அலுவலகத்துக்கு, உள்ளேயே ஆள் வைப்பதுதான் சரியாக இருக்கும். நம் அறைக்கு, என்னைப் போன்ற ஒருத்திக்கு, இதுதான் சரி.

ஆனால் சரி என்று தெரிவதும் அதைச் சொல்வதும் ஒன்றில்லையே. சொல்லும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினத்துக்கு வந்தேன். பெண்கள் நடக்கும் அந்த ஒடுங்கிய முடுக்கு வழியாக, நீங்கள் ஒருமுறை கூட்டிப்போன ஞாபகத்தில், சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உம்மா எனக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள். "நீதானா அது? 'உம்மா, அது ஒண்ணும் பேசாது, எல்லாத்தயும் பாக்கும்'னு சொல்லுவா" என்றார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "வாப்பா துபாயில இருந்த அத்தன வருஷமும் வீட்டு விஷயம் எல்லாம் போன்ல சொல்லுவீங்களாமே உம்மா, சொல்ல முடியாததுன்னு ஒண்ணும் இருக்காதா?"

"ஏன் இருக்காது?" என்றார்கள் உம்மா. "மோட்டாரு, கதவு, புள்ளைங்க பீஸு எல்லாம் போன்ல சொல்லுவேன். மிச்சத்த, போனை வச்ச பொறகு சொல்லுவேன்."

"யாருகிட்ட?"

"அவங்ககிட்டத்தான். போனு எதுக்கு அதுக்கு?"

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். "கோயம்புத்தூருக்குக் குடுத்துருங்க முதலாளி. உள்ள நான் இருக்கேன். தினமும் காலையில நான் அவங்ககிட்டப் பேசுதேன். பேசுனத அவங்க எழுதி வைக்கட்டும். நாளைக்கு நான் இல்லாட்டாலும் அது இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பேசுவியாம்மா?"

"பேசுவேன்" என்றேன்.

"அப்ப அந்த நாற்காலி?"

"வேண்டாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் லாத்தா, எனக்கு அவ்வளவு கனமாக இருந்தது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். கோயம்புத்தூரில் திரைக்கான வாக்கியங்களை எல்லாம் புதிதாக எழுதி அனுப்பினார்கள். "எடை நிலைபெறவில்லை. காத்திருக்கவும்." தப்பில்லாத தமிழ்தான். பிரவீனை அழைத்தேன். பழையதே இருக்கட்டும் என்றேன்.

"அது அவ்வளவு ஸ்டாண்டர்டா இல்லீங்களே மேடம். அண்ணாச்சின்னு எல்லாம் வருதுங்க. லாரி ஓட்டுறவர் சின்னப் பையனா இருந்தாருன்னா?"

"எங்க ஊர்ல எல்லாரும் அண்ணாச்சிதான். அதை மாத்த வேண்டாம்."

"யாருங்க எழுதினது?"

"என்கூட இருந்தவங்க" என்றேன்.

"சரிங்க, ஒரு புள்ளிகூட மாத்தலீங்க" என்றார். சொன்னபடியே செய்திருக்கிறார். ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மாற்றினேன்; கோபிக்காதீர்கள். டிரைவர்களை முதலாளியிடம் அனுப்பும் அந்த வாக்கியம். இப்போது அங்கே, "உப்பு ரொம்ப ஒழுகியிருக்கு அண்ணாச்சி, ஒரு தடவ பாத்துக்கிடுவோம்" என்று வரும். உங்கள் வாக்கியங்களுக்கு நடுவில் அது துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையையாவது மாற்றியிருப்பீர்கள்.

நானும் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன், பழையதுதான். காலையில் உப்பளத்தில் நிறுத்தி ஒரு கை உப்பைப் பிழிந்து பார்க்கிறேன். அறைக்கு வந்து, கை காயும் முன்பே, கோயம்புத்தூருக்கு அழைத்துச் சொல்கிறேன். அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், நல்லவர்கள். பிறகு போனை வைக்கிறேன். ஏசி சத்தம் கேட்கத் தொடங்குகிறது. உங்கள் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. மழைநாளில் என் துப்பட்டாவை அதன் முதுகில் காயப் போடுகிறேன். மற்றபடி அது காலிதான்.

இன்று காலை அவர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மழை விட்டிருக்கிறது, அடி உப்பு ஈரம், திரை சரியாக ஓடுகிறது, கதவு திறக்கிறது.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த முதல் லாரிக்காரர் உங்கள் வாக்கியத்தைப் படித்துவிட்டு எஞ்சினை அணைத்தார் என்றேன் அல்லவா. அணைத்த பிறகு யார்டில் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. தராசு நிற்கக் காத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். லாரிக்கு அடியில் உப்புத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கோயம்புத்தூருக்குக் கேட்கட்டும் என்று போனை எடுத்துக் கீழே நீட்டலாம் என்று நினைத்தேன்.

நீட்டவில்லை. அது உங்களுக்கு.